ஜப்பானின் நிலநடுக்க முன்னெச்சரிக்கைச் சேவை: ஒரு பயனாளரின் மதிப்பீடு

ஜப்பானில் குடியேறும் ஒவ்வொருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு சேவையின் பயனாளர் ஆகிவிடுகிறார்கள். அதற்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. கைப்பேசி திடீரென்று அலறும் வரை அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஜப்பான் வானிலை முகமை 2007 அக்டோபர் 1 முதல் பொதுமக்களுக்கு வழங்கி வரும் நிலநடுக்க முன்னெச்சரிக்கையைத்தான் சொல்கிறேன். பணம் கொடுத்து வாங்கும் பொருளை எப்படித் துருவிப் பார்ப்போமோ அப்படியே இதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சொன்னதைச் செய்கிறதா, எங்கே தவறுகிறது, தவறினால் திருத்திக்கொள்கிறதா, ஜப்பானிய மொழி அறியாதவருக்கு எந்த அளவு உதவுகிறது என்ற கேள்விகளுக்கு விடை தேடுவதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

இதற்குத் தகுந்த தருணமும் வாய்த்திருக்கிறது. 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்பத்தை உலுக்கிய 7.6 அளவுள்ள நிலநடுக்கம், அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று ஹ்யூகா கடற்பகுதியில் ஏற்பட்ட 7.1, 2025 கோடையில் தொக்காரா தீவுகளில் வாரக்கணக்கில் நீடித்த தொடர் அதிர்வுகள், 2025 ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சாத்கா அருகே உண்டான 8.8, டிசம்பர் 8 இரவு ஆவோமோரிக்குக் கிழக்கே கடலில் நிகழ்ந்த 7.5 என்று, இரண்டே ஆண்டுகளில் இந்தச் சேவையின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே சோதிக்கப்பட்டுவிட்டது.

இந்த நாட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படுகிறது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கிழக்கே புவி ஓட்டின் பெரும் பாளங்களுள் ஒன்றான பசிபிக் தட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் வேகத்தில், ஜப்பான் அகழியில் வடகிழக்கு ஜப்பானின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. தெற்கே பிலிப்பைன் கடல் தட்டு நன்காய் அகழியில், அதைவிடச் சற்று மெதுவாக, மேற்கு ஜப்பானின் அடியில் இறங்குகிறது. மேலே இருக்கும் தட்டின் விளிம்பு அதனுடன் ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கி இழுபடுகிறது. தாங்க முடியாத கட்டத்தில் பிய்த்துக்கொண்டு மேலெழும்புகிறது. 2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானில் பெரும் சுனாமியோடு நடந்தது அதுதான். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவில் நடந்து நம் கடற்கரைகளைச் சூறையாடியதும் அதே வகைதான். நோத்தோ மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது ஜப்பான் கடல் பக்கம், தட்டு எல்லையில் அல்லாமல், மேலோட்டில் உள்ள பிளவுகளில் நிகழ்ந்தது. இந்த வேறுபாடு சேவையின் தரத்தை நேரடியாகப் பாதிக்கிறது என்பதால் பின்னர் அதற்கு வருகிறேன்.

சேவையின் அடிப்படை எளிய கணக்கு ஒன்று. நிலம் பிளக்கும்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. முதலில் வரும் மெல்லிய அலை நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். சேதம் விளைவிக்கும் இரண்டாவது அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர். மையத்திலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவரை முதல் அலை 14 நொடியிலும் இரண்டாவது அலை 25 நொடியிலும் எட்டும். மையத்துக்கு அருகில் உள்ள கருவிகள் முதல் அலையைப் பிடித்தவுடன் கணினி இடத்தையும் அளவையும் கணித்து, மின்காந்த அலை வேகத்தில் செய்தியை அனுப்பினால், இரண்டாவது அலை வந்து சேர்வதற்குள் சில நொடிகள் நமக்கு மிஞ்சும். இதற்காக வானிலை முகமையின் ஏறத்தாழ 690 கருவிகளும், புவியியல் பேரிடர் ஆய்வுக் கழகத்தின் ஏறத்தாழ 1,000 கருவிகளும் இரவு பகலாக இயங்குகின்றன. முன்னெச்சரிக்கை என்ற பெயரைக் கேட்டு, நாளை வரப்போவதை இன்றே சொல்லும் சேவை என்று எண்ணிவிடக் கூடாது. நிலநடுக்கம் தொடங்கிய பிறகுதான் இது பேசத் தொடங்குகிறது.

எப்போது அலற வேண்டும் என்பதற்கும் தெளிவான வரம்பு உண்டு. ஜப்பானில் நிலநடுக்கத்தின் மொத்த ஆற்றலைவிட, நாம் நிற்கும் இடத்தில் தரை எவ்வளவு ஆடியது என்பதைக் குறிக்கும் ஷிந்தோ அளவுக்கே முதலிடம் கொடுக்கிறார்கள். 0 முதல் 7 வரை செல்லும் இந்த அளவில் 5, 6 ஆகிய இரண்டும் கீழ், மேல் என்று பிரிக்கப்பட்டிருப்பதால் மொத்தம் 10 படிகள். எங்கேனும் 5 கீழ் அல்லது அதற்கு மேல் வரும் என்று கணிக்கப்பட்டால், 4 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கப்படும் எல்லாப் பகுதிகளுக்கும் எச்சரிக்கை செல்லும். பயனாளராகப் பார்த்தால் இது சேவையின் மிகச் சிறந்த அம்சங்களுள் ஒன்று. நம் செய்தித்தாள்கள் ‘ரிக்டர்’ என்று ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்திவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நம் வீட்டு அலமாரி விழுமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஷிந்தோவை வைத்துச் சொல்லலாம். அதிர்வு நின்ற ஒன்றரை நிமிடத்துக்குள் 3 அல்லது அதற்கு மேல் ஆடிய பகுதிகளின் பட்டியல் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கிவிடும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் தொலைக்காட்சியில் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை உருவாக்கியவர் தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த இஃபுகுபே தோரு. காட்ஸில்லா திரைப்படத்துக்கு இசையமைத்த இஃபுகுபே அகிராவின் அண்ணன் தம்பி வழி மகன் இவர். சிற்றப்பனோ பெரியப்பனோ எழுதிய சிம்பொனி ஒன்றின் ஸ்வரக்கூட்டிலிருந்து இந்த மணியை எடுத்தார். காது மந்தமானவர்களுக்கும் முதியோருக்கும் எட்ட வேண்டும், பதற்றத்தைக் கிளப்பாமல் உடலை மட்டும் விழிக்கச் செய்ய வேண்டும் என்பது அவருக்கு இருந்த சவால். கைப்பேசியில் வரும் ஒலி வேறு. அது சற்று முரட்டுத்தனமானது, கூடவே ‘ஜிஷின் தெசு’ (நிலநடுக்கம்) என்று ஒரு குரலும் வரும். ரயில் பெட்டியில் நூறு கைப்பேசிகள் ஒரே கணத்தில் அந்த ஒலியை எழுப்பும்போது யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. வடிவமைப்பில் இதற்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

இனி குறைகள். முதலில் 2011. அன்று பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்குத் தொடங்கிய 9.0 நிலநடுக்கத்தின் முதல் அலையைக் கருவி பிடித்த 8.6 நொடியில் எச்சரிக்கை வெளியானது. சென்டாய் போன்ற நகரங்களுக்குப் பலத்த அதிர்வு வருவதற்கு முன் அவகாசம் கிடைத்தது. அதுவரை வெற்றி. ஆனால் அந்த நேரத்தில் கணினி கணித்த அளவு 7.2 மட்டுமே, பிளவு மேலும் மேலும் நீண்டுகொண்டே போனதை அது உணரவில்லை. அதனால் எச்சரிக்கை தோஹோக்கு எனப்படும் வடகிழக்குப் பகுதியோடு நின்றுவிட்டது. ஷிந்தோ 5 மேல் அளவுக்கு ஆடிய தோக்கியோவுக்கு எச்சரிக்கை போகவே இல்லை. சுனாமி முன்னறிவிப்பும் இதே நோயால் பாதிக்கப்பட்டது. மூன்று நிமிடத்தில் வெளியான முதல் அறிவிப்பு மியாகிக்கு 6 மீட்டர், இவாத்தேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் என்றது. உண்மையில் வந்தது அதைவிடப் பன்மடங்கு. 3 மீட்டர் என்ற எண்ணைக் கேட்டு, கரைச்சுவர் காக்கும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள்.

இதன்பின் செய்யப்பட்ட திருத்தங்களைப் பார்க்கும்போதுதான் இந்தச் சேவையின் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது. 2013 மார்ச் முதல், நிலநடுக்கம் 8-ஐத் தாண்டும் என்று தோன்றி, அளவு இன்னும் சரியாகப் பிடிபடாத நிலையில், சுனாமி அறிவிப்பில் மீட்டர் கணக்கே சொல்வதில்லை. ‘மிகப் பெரியது’ என்ற சொல் மட்டும் வரும். தெரியாத எண்ணைச் சொல்லி ஆளைக் கொல்வதைவிட, எண்ணே சொல்லாமல் ஓட வைப்பது மேல். நிலநடுக்க முன்னெச்சரிக்கையிலும் 2018 மார்ச் முதல் ஒரு புதிய முறை சேர்க்கப்பட்டது. மையம் எங்கே, அளவு என்ன என்று கணிக்க முயலாமல், நம்மைச் சுற்றி 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் கருவி எவ்வளவு ஆடுகிறதோ அதே அளவு நமக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளும் முறை இது. கிடைக்கும் நேரம் குறைவுதான். ஆனாலும் பிளவு நீண்டுகொண்டே வரும் பெருநடுக்கத்தில் தோக்கியோவை மறந்துவிடும் பிழை மறுபடி நேராது.

பொய்யான எச்சரிக்கைகளும் உண்டு. 2011-க்குப் பிறகு வந்த எண்ணற்ற பின்னதிர்வுகளில், ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் ஏற்பட்ட இரண்டு சிறு அதிர்வுகளை ஒரே பெரிய நிலநடுக்கமாகக் கணினி குழப்பிக்கொண்டது. 2013 ஆகஸ்ட் 8 அன்று வாகாயாமாவில் ஏற்பட்ட வெறும் 2.3 அளவு அதிர்வோடு கடலடிக் கருவி ஒன்றின் இரைச்சலும் சேர்ந்துகொள்ள, 7.8 வரப்போகிறது என்று 34 மாநிலங்களுக்கு அறிவிப்புப் பறந்தது, ரயில்கள் நின்றன. ஒன்றாக வந்தவற்றைப் பிரித்தறியும் கணக்கு முறை 2016 டிசம்பரில் வந்தது. அதற்குப் பிறகும் 2018 ஜனவரி 5 அன்று இபராக்கி கடலிலும் தோயாமா மாநிலத்தின் மேற்குப் பகுதியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ்ந்த இரு சிறு அதிர்வுகள் தோக்கியோ வட்டாரத்தைப் பதற வைத்தன. 2020 ஜூலை 30 அன்று தொலைதூரத் தோரிஷிமா தீவருகே ஏற்பட்ட 5.8-ஐ, தோக்கியோவுக்கு அருகிலுள்ள போசோ தீபகற்பத்துக்குத் தெற்கே ஏற்பட்ட 7.3 என்று கணினி எண்ணிவிட்டது. எச்சரிக்கை வந்த இடங்களில் தரை அசையவே இல்லை.

இதைப் படிப்பவர்களுக்கு ‘புலி வருது’ கதை நினைவுக்கு வரலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் முகமை அதிகாரிகள் செய்தியாளர் கூட்டம் நடத்தி, எந்தக் கருவி, எந்தக் கணக்கு, எந்த நிமிடம் என்று விளக்கினார்கள். சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அந்தக் குறிப்பிட்ட ஓட்டை அடைக்கப்பட்டது. பொய்யாக வந்த எச்சரிக்கையால் நான் இழப்பது மேசைக்கு அடியில் கழிக்கும் ஒரு நிமிடம். வராமல் போன எச்சரிக்கையால் இழப்பது என்ன என்று சொல்லத் தேவையில்லை. இந்தச் சேவை சற்று அதிகமாக அலறும் பக்கம் சாய்ந்திருப்பதையே நான் விரும்புகிறேன்.

திருத்த முடியாத குறை ஒன்று மட்டும் இருக்கிறது, அது இயற்பியல் விதித்தது. மையத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கு இரண்டு அலைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்துவிடுகின்றன. 2016 ஏப்ரல் 14, 16 ஆகிய இரு இரவுகளிலும் ஷிந்தோ 7 பதிவான குமாமோத்தோவின் மாஷிக்கி ஊருக்கு முன்னெச்சரிக்கை என்பது பெயரளவுக்குத்தான். நோத்தோவிலும் அப்படியே. தீபகற்பத்தின் அடியிலேயே பிளவு ஓடியதால், மிக அதிகம் ஆடிய வாஜிமா, சுசு போன்ற ஊர்களுக்கு ஓட நேரமில்லை. அதன் கரையில் சில இடங்களைச் சுனாமியும் சில நிமிடங்களுக்குள்ளேயே தொட்டுவிட்டது. நிலநடுக்கத்தால் நேரடியாக உயிரிழந்தவர்களுள், இடிந்து விழுந்த பழைய மர வீடுகளில் சிக்கி இறந்தவர்களே அதிகம். நிலத்தடிப் பிளவின் மேல் வாழ்பவருக்கு வீட்டின் தூண்தான் எச்சரிக்கைச் சேவை. தோக்கியோவிலும் நேர் கீழே ஏற்படும் நிலநடுக்கம் என்றால் கைப்பேசியை நம்பிப் பயனில்லை. அதற்குப் பதில் வாடகை வீடு தேடும்போதே, 1981 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டட விதிகளுக்குப் பிறகு எழுந்த கட்டடமா என்று கேட்டுவிடுவது நல்லது.

கடலில் உண்டாகும் தட்டு எல்லை நிலநடுக்கங்களுக்கு நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே சேவை ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டு வருகிறது. ஜப்பான் அகழியை ஒட்டி, 150 கருவிகளைக் கோத்த கம்பிவடங்கள் கடலடியில் கிடக்கின்றன. 2019 ஜூனில் இவற்றின் தரவு முன்னெச்சரிக்கைக் கணக்கில் சேர்க்கப்பட்டபோது, அகழிக்கு அருகில் தொடங்கும் நிலநடுக்கத்தை அதிகபட்சம் 25 நொடி முன்னதாகவே அறிய முடியும் என்று முகமை சொன்னது. பத்து நொடி அவகாசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஒரு துறையில் 25 நொடி என்பது எவ்வளவு பெரியது! நன்காய் அகழியின் கிழக்குப் பகுதியில் இத்தகைய வலை முன்பே இருந்தது. வெறுமையாகக் கிடந்த மேற்குப் பகுதியில், கோச்சி முதல் ஹ்யூகா கடல் வரை, புதிய வலை 2025-இல் முழுமை பெற்றது.

அந்த நொடிகளை மனிதர்களைவிட இயந்திரங்களே நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. 2011-இல் தோஹோக்கு புல்லட் ரயில்களுக்கெனக் கடற்கரையில் வைக்கப்பட்டிருந்த தனிக் கருவி மின்சாரத்தைத் துண்டித்து ரயில்களை வேகம் குறைய வைத்தது. பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்த எந்தப் புல்லட் ரயிலும் தடம் புரளவில்லை. புதிய மின்தூக்கிகள் முதல் அலையை உணர்ந்ததும் அருகிலுள்ள தளத்தில் நின்று கதவைத் திறந்துவிடும். வீட்டு வாயிலில் இருக்கும் எரிவாயு அளவி, ஷிந்தோ 5 அளவில் தானே வாயுவை நிறுத்திவிடும். இதை அறியாத நம்மவர் பலர், எச்சரிக்கை கேட்டதும் அடுப்பை அணைக்க ஓடி, கொதிக்கும் எண்ணெயைக் காலில் கொட்டிக்கொள்ளும் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். அடுப்பை எட்டிப்போய் அணைக்க வேண்டாம், தலையைக் காத்துக்கொள்ளுங்கள் என்பதே இங்குள்ள அதிகாரபூர்வ அறிவுரை.

உயர்மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் 2023 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். நீண்ட அலைவுள்ள, மெதுவான ஆட்டத்துக்கும் இப்போது எச்சரிக்கை வரும். 2011-இல் மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒசாக்காவில் இருந்த 55 மாடி அரசுக் கட்டடம், தரையில் நின்றவர்கள் பெரிதாக எதையும் உணராதபோதும், பத்து நிமிடம் போல ஊஞ்சலாடியது. முப்பதாவது மாடியில் இருப்பவருக்கு ஷிந்தோ 3 என்ற எண் ஆறுதல் தராது.

செயலிகளுக்கு வருவோம். கைப்பேசி நிறுவனங்கள் அனுப்பும் அலறல் தானாக வருவது. மற்ற விவரங்களுக்குச் செயலி வேண்டும். யாஹூவின் பேரிடர்ச் செயலியில், நாம் இருக்கும் இடம் போக மேலும் மூன்று ஊர்களைப் பதிந்துகொள்ளலாம். குழந்தை படிக்கும் பள்ளி ஒரு நகரிலும் அலுவலகம் இன்னொரு நகரிலும் இருப்பவர்களுக்கு அது உதவும். கெஹிர்ன் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘நெர்வ்’ செயலி, ஓர் அனிமேஷன் தொடரில் வரும் கற்பனை அமைப்பின் பெயரை முறையான அனுமதியோடு சூடிக்கொண்டது. பெயரைப் பார்த்து விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அலை வரைபடத்தில் வட்டமாக விரிந்து வருவதையும், நம் இடத்தை எட்ட எத்தனை நொடி இருக்கிறது என்பதையும், எதிர்பார்க்கும் ஷிந்தோவையும் அது காட்டுகிறது, விளம்பரமே கிடையாது, நிறங்களைப் பிரித்தறியாதவர்களையும் மனத்தில் வைத்து வண்ணங்களைத் தேர்ந்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரே எச்சரிக்கை: எல்லா அறிவிப்புகளையும் திறந்து வைத்தால் நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஷிந்தோ 3-க்கு மேல் என்று வரம்பு வைத்துக்கொள்வது தூக்கத்துக்கு நல்லது.

மொழிதான் இந்தச் சேவையின் பலவீனமான பக்கம். சுற்றுலா முகமையின் மேற்பார்வையில் 2014 முதல் வெளிநாட்டவருக்காக இயங்கும் ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலி 15 மொழிகளில் பேசுகிறது. நேபாளி இருக்கிறது, கெமர் இருக்கிறது, மங்கோலியன்கூட இருக்கிறது. தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. தோக்கியோவின் எதோகாவா வட்டாரத்தில், நிஷிகசாய் நிலையத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் வாழ்கின்றன; அந்த நிலம் கடல் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பது வேறு. கணினித் துறையில் இருப்பவர் ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்வார். பேரக்குழந்தையைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்து, பகலில் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா என்ன செய்வார்? நோத்தோ நிலநடுக்கத்தின்போது என்.எச்.கே. அறிவிப்பாளர் கட்டளையிடும் குரலில் ‘உடனே ஓடுங்கள்’ என்று திரும்பத் திரும்ப உரத்துச் சொன்னதும், திரையில் சிறுவர்களும் படிக்கும் எளிய எழுத்தில் ‘சுனாமி! ஓடு!’ என்று வந்ததும் 2011-இலிருந்து கற்ற பாடத்தின் விளைவுகள். குரலின் தொனி மொழியைத் தாண்டும் என்பது உண்மைதான். எங்கே ஓடுவது என்பதைத் தொனி சொல்லாது.

சுனாமி அறிவிப்பின் பொறுமையை 2025 ஜூலை 30 நன்கு காட்டியது. கம்சாத்கா தொலைவில் இருந்ததால் இங்கே அதிர்வு பெரிதாக இல்லை. முதலில் வந்தது கீழ்நிலை அறிவிப்பு. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அது எச்சரிக்கையாக உயர்ந்தது. இவாத்தேயின் குஜி துறைமுகத்தில் ஒரு மீட்டருக்கும் அதிகமான அலை பதிவானது. கடும் வெயிலில் குன்றுகளிலும் கூரைகளிலும் மக்கள் காத்திருந்தார்கள். அறிவிப்பு முழுதாக நீங்க மறுநாள் மாலை ஆயிற்று. ‘ஒரு மீட்டருக்கா இவ்வளவு?’ என்று கேட்டவர்கள் உண்டு. தொலைதூரச் சுனாமி முதல் அலையோடு முடிவதில்லை என்பதை அறிந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

எனக்கு மிகவும் தயக்கம் தருவது சேவையின் புதிய பகுதியான வாரக் கணக்கு அறிவிப்புகள்தான். நன்காய் அகழிப் பகுதியில் 6.8-க்கு மேல் நிலநடுக்கம் வந்தால் வல்லுநர் குழு கூடும். 7-ஐத் தாண்டியதாகக் கண்டால் ‘பெருநிலநடுக்கக் கவனம்’ என்ற அறிவிப்பும், தட்டு எல்லையில் 8-ஐத் தாண்டினால் அதைவிடக் கடுமையான ‘எச்சரிக்கை’யும் வெளியாகும். 2024 ஆகஸ்ட் 8 அன்று மாலை 4:43-க்கு ஹ்யூகா கடற்பகுதியில் 7.1 ஏற்பட, இரவு 7:15-க்கு வரலாற்றிலேயே முதன்முறையாக இந்தக் கவன அறிவிப்பு வெளியானது. 29 மாநிலங்களில் 707 உள்ளாட்சிகள் அதன் வரம்பில் வந்தன. பிரதமர் கிஷிதா மத்திய ஆசியப் பயணத்தைக் கைவிட்டார். தோக்காய்தோ புல்லட் ரயில் ஒரு பகுதியில் வேகத்தைக் குறைத்தது. வாகாயாமாவின் ஷிராஹாமா கடற்கரை, முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விடுமுறையின் உச்சத்தில், மூடப்பட்டது. அதே நேரம் வேறு பல கடற்கரைகள் வழக்கம்போலத் திறந்திருந்தன. தண்ணீர்ப் போத்தல்களும் அரிசியும் கடைகளில் காலியாயின. ஆகஸ்ட் 15 மாலை 5 மணிக்கு அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது, எதுவும் வரவில்லை.

இந்த அறிவிப்பின் உள்ளடக்கம் என்ன? 7 அளவு நிலநடுக்கத்துக்குப் பின் ஒரு வாரத்தில் 8 அளவுக்கு மேற்பட்டது வருவது, உலகளாவிய பதிவுகளின்படி, சில நூறு முறைக்கு ஒரு முறை. வழக்கமான நாளைவிட இது அதிகம். ஆனாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு, ‘வழக்கமான வாழ்க்கையைத் தொடருங்கள், ஆனால் தயாராக இருங்கள்’ என்று சொன்னால் ஒரு விடுதி உரிமையாளர் என்ன செய்வார்? ஒருவர் மூடினார், அடுத்தவர் திறந்தார், இருவரும் சரியே. அறிவியல் நேர்மையில் குறையில்லை. சேவை என்ற முறையில் இது முடிவெடுக்கும் பாரத்தைப் பயனாளரின் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 2025 ஜனவரி 13 அன்று அதே கடற்பகுதியில், முதற்கட்டக் கணிப்பில் 6.8-ஐத் தாண்டி, பின்னர் 6.6 என்று திருத்தப்பட்ட நிலநடுக்கம் வந்தபோது குழு கூடி, கவன அறிவிப்புக்குத் தேவையில்லை என்று அன்றிரவே முடித்துக்கொண்டது. அந்த அளவு தெளிவு பாராட்டத் தக்கது.

வடக்கே இதற்கு இணையான ஏற்பாடு 2022 டிசம்பரில் தொடங்கியது. மூன்றாண்டுகள் உறங்கிக் கிடந்த அது, 2025 டிசம்பர் 8 இரவு 11:15-க்கு ஹாச்சினோஹேயில் ஷிந்தோ 6 மேல் பதிவானதைத் தொடர்ந்து, மறுநாள் அதிகாலை 2 மணிக்கு முதன்முறையாக வெளியானது. ஹொக்கைதோ முதல் சிபா வரை 182 உள்ளாட்சிகள், ஒரு வாரம். இங்கே வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று சொல்லப்பட்டது. 2011 மார்ச் 9 அன்று அதே வடகிழக்குக் கடலில் 7.3 ஏற்பட்டதும், இரண்டு நாளில் 9.0 வந்ததும் இந்தப் பகுதி மக்களின் நினைவில் இருப்பதால், அறிவிப்பை அவர்கள் தெற்கத்தியரைவிட அமைதியாக ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. உடுத்திய உடையோடு, காலணியைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு தூங்குங்கள் என்பன போன்ற செய்யக்கூடிய அறிவுரைகளை முன்னிறுத்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீண்டகாலக் கணிப்பிலும் இதே சிக்கல். நன்காய் பெருநிலநடுக்கம் 30 ஆண்டுகளுக்குள் வர ‘80 சதவீதம்’ வாய்ப்பு என்று 2025 ஜனவரியில் சொன்ன அரசுக் குழு, செப்டம்பரில் அதை ‘60 முதல் 90 சதவீதத்துக்கு மேல்’, ‘20 முதல் 50 சதவீதம்’ என்று இரண்டு எண்களாக மாற்றியது. கணக்கு முறையைப் பொறுத்து விடை மாறுகிறது என்பதை ஒளிக்காமல் சொன்னதற்காகப் பாராட்டலாம். வீட்டுக் கடன் வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு இந்த இரண்டு எண்களும் சேர்ந்து எதையும் சொல்வதில்லை. 1707, 1854, 1944, 1946 என்று வந்த ஆண்டுகளின் வரிசையே அதைவிடத் தெளிவாகப் பேசுகிறது.

2025 ஜூலை 5 அன்று பேரழிவு என்ற வதந்தி ஆசிய நாடுகளில் பரவி, ஹாங்காங்கிலிருந்து வரும் விமானங்கள் குறைக்கப்படும் அளவுக்குப் போனதும், சரியாக அதே வாரங்களில் தொக்காரா தீவுகளில் ஆயிரக்கணக்கான அதிர்வுகள் நிகழ்ந்து, ஜூலை 3 அன்று அக்குசெக்கி தீவில் ஷிந்தோ 6 கீழ் பதிவானதும் வதந்திக்கு எண்ணெய் ஊற்றின. நாள், இடம், அளவு மூன்றையும் குறித்துச் சொல்லும் நிலநடுக்கக் கணிப்பு இன்றைய அறிவியலில் இல்லை, அப்படிச் சொல்வது புரளி என்று வானிலை முகமை அழுத்தமாக மறுத்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த நாட்களில் வந்து குவிந்த செய்திகளையும், முகமை நாள்தோறும் வெளியிட்ட அதிர்வு எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு எதை நம்புவது என்பதில் ஐயம் இருந்திருக்காது.

ஆகவே நொடிக் கணக்கிலான எச்சரிக்கைக்கு என் முழுமையான பரிந்துரை உண்டு. வாரக் கணக்கிலான அறிவிப்பை வானிலை அறிக்கைபோலப் படித்து, தண்ணீரும் கைவிளக்கும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளப் பயன்படுத்தினால் போதும். புதிதாக வருபவர்கள், இந்தியாவில் வாங்கிய கைப்பேசி இங்கே தானாக ஒலிக்கும் என்று எண்ணி இருந்துவிடாமல், அமைப்புகளில் அவசர அறிவிப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்து, ஏதேனும் ஒரு செயலியையும் நிறுவிக்கொள்ளுங்கள். அம்மா அப்பா வந்திருந்தால், அந்த எச்சரிக்கை ஒலியைச் செயலியிலேயே ஒரு முறை இயக்கிக் காட்டி, எந்த மேசைக்கு அடியில் போக வேண்டும், எந்தப் பள்ளி மைதானம் நம் தெருவுக்குரிய ஒதுங்கிடம் என்பதையும் நடந்து காட்டிவிடுங்கள். வட்டார அலுவலகத்தில் அந்த இடங்களின் வரைபடம் இலவசமாகவே கிடைக்கும். எதோகாவாவில் ஆங்கிலத்திலும் கேட்டு வாங்கலாம்.